எட்டு மணி நேரத் தேர்வும் ஒரு கையெழுத்தும்

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் வாரத்துக்கு ஒருவராவது வாட்ஸப்பில் கேட்டுவிடுகிறார்கள்: "மேடம், டிசைன் தேர்வுக்கு டம்ப் இருக்கா?"

டம்ப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாரோ தேர்வு எழுதிவிட்டு வந்து, நினைவில் நின்ற கேள்விகளை எல்லாம் விடையோடு தொகுத்து வைத்திருக்கும் கட்டு அது. சில கணினித் தேர்வுகளுக்கு அது உதவும். அதை உருப்போட்டுப் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து சேர்த்துக்கொண்டவர்கள் எனக்கே தெரியும். நெட்வொர்க் வடிவமைப்புத் தேர்வுக்கு அது செல்லாது. செல்லும் என்றால் நான் இரண்டு தடவை தோற்றிருக்க மாட்டேன். தோற்றதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை ஜெயித்தவள் பேசுகிற பேச்சு இது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது. அதனால் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். கேட்பவர்களுக்கு இனி இதைத்தான் அனுப்பப் போகிறேன்.

என் பெயர் ஞானசெல்வி. தக்கலைக்குப் பக்கம் வீடு. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, தொலைபேசிக் கேபிள் ஒட்டும் ஒப்பந்த வேலையில் சேர்ந்தேன். தெருவோரக் குழிக்குள் உட்கார்ந்து செம்புக் கம்பிகளை நிறம் பார்த்து முறுக்கிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்க்கவே நாலு பேர் நிற்பார்கள். செம்பு போய்க் கண்ணாடி இழை வந்தது. அதையும் ஒட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு ஒரு காற்றாலை நிறுவனத்தின் நாகர்கோவில் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

ஆரல்வாய்மொழி வழியாகப் பேருந்தில் போகிறவர்கள் சுற்றுகிற இறக்கைகளைப் பார்ப்பார்கள். எங்களுக்கு அதில் பார்க்க வேறு விஷயம் உண்டு. ஒவ்வொரு காற்றாலைக்குள்ளும் ஒரு சின்னக் கணினி இருக்கிறது. காற்று எவ்வளவு, சூடு எவ்வளவு, இறக்கை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதை எல்லாம் அது கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செய்தி எந்தக் கம்பி வழியாக, எந்தப் பெட்டியில் சேர்ந்து, எப்படி வர வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் நெட்வொர்க் வடிவமைப்பு. தீர்மானித்ததைப் படமாக வரைவோம். அந்தப் படத்தை வைத்துத்தான் குழி தோண்டுவார்கள், கேபிள் வாங்குவார்கள், பெட்டி பொருத்துவார்கள்.

பன்னிரண்டு வருடம் அந்தப் படங்களை நான் வரைந்தேன். வரைந்த படம் பெங்களூர் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே தேர்வு பாஸ் செய்த ஒருவர் வலது பக்கம் அடியில் இருக்கும் கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். திரும்பி வரும்போது அது அவருடைய படம். அதில் எங்குமே என் பெயர் இருக்காது. ஒரு முறை அந்த மனிதரே பார்வையிட வந்தார். என் படத்தை என் முன்னாலேயே விரித்து, இந்த இணைப்பை ஏன் இப்படிப் போட்டிருக்கிறது என்று எனக்கு விளக்கினார். தப்பாக விளக்கினார். நான் அவருக்குச் சாயா எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு மூண்ட கோபம் பல வருடம் அணையவில்லை.

எங்கள் வடிவமைப்புப் பிரிவில் மொத்தமே மூன்று பேர். மேலாளர் ஹேமா, திருவட்டாறுக்காரர், கத்தாரில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். மூன்றாவது ஆள் சுயம்பு. ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் கிராமம். இடத்தை நடந்து பார்த்துக் கேபிள் போகும் தடத்தைக் குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை. ஊரில் அவர்கள் குடும்பம் அய்யாவழி. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வழிபடும் பதியில் பணிவிடை இருப்பதால் அன்று மட்டும் யார் கூப்பிட்டாலும் வர மாட்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் புதிய காற்றாலைத் தளம் ஒன்று வந்தது. எங்கள் வட்டாரத்தில் அதுவரை நாங்கள் செய்ததிலேயே பெரியது. தளத்தின் உரிமையாளர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். படம் வரையும் அலுவலகத்திலேயே தேர்வு பாஸ் செய்த ஒருவர் இருக்க வேண்டும், அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. குறித்த நாளுக்குள் நாகர்கோவிலில் யாரும் பாஸ் செய்யாவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள். ஹேமா மேடம் பெங்களூருக்கு, நான் ஸ்டோருக்கு, சுயம்பு குஜராத்துக்கு.

சுயம்பு கடிதத்தை இரண்டு முறை படித்தார். "குஜராத்துல எனக்கு யாரத் தெரியும்?" என்றார். அவ்வளவுதான்.

ஹேமா மேடம் அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார். "அக்கா, ஒரு காரியம் சொல்லுதேன், யார்ட்டயும் சொல்லாதிங்க. கத்தார்ல வச்சி நான் இந்தத் தேர்வ ரெண்டு தடவ எழுதினேன். ரெண்டு தடவயும் தோத்தேன். இனி ஒரு தடவ எழுத என்னால முடியாது. நீங்க எழுதணும். நான் எங்க வழுக்கினேன்னு எனக்குத் தெரியும், அத நான் சொல்லித் தருவேன்."

எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. டிப்ளமோக்காரி. ஆனால் அவர் வாயைத் திறந்து கேட்டபோது நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாகக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் நான்.

தேர்வு இரண்டு கட்டம். முதலாவது எழுத்துத் தேர்வு. சின்ன வயதில் எங்கள் திருச்சபையில் வேதபாடத் தேர்வுக்கு அதிகாரம் அதிகாரமாக மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவள் நான். வசனம் எங்கே தொடங்கும், எந்தச் சொல்லில் முடியும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதே மாதிரி விடியற்காலை கோயில் மணி அடிக்கும்போது எழுந்து, ஆயிரத்துச் சொச்சம் பக்கத்தை அப்படியே ஏற்றிக்கொண்டேன். எழுத்துத் தேர்வு முதல் தடவையிலேயே முடிந்தது. அந்த வெற்றிதான் என்னைக் கெடுத்தது.

இரண்டாவது கட்டம் செய்முறைத் தேர்வு. பெங்களூரில் ஒரு தேர்வு மையம். எட்டு மணி நேரம். செய்முறை என்று பெயர்தான், கம்பியையும் பெட்டியையும் தொடவே விட மாட்டார்கள். திரையில் ஒரு கற்பனை நிறுவனம் வரும். அதன் அதிகாரிகள் எழுதிய கடிதங்கள், படங்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் வரும். வாசித்துவிட்டு, இந்த இடத்தில் எந்த வடிவமைப்பு சரி என்று தேர்ந்தெடுக்க வேண்டும், சில இடத்தில் திரையிலேயே வரைந்து காட்ட வேண்டும். தேர்ந்தெடுத்ததும் அடுத்த பக்கத்தில் கேட்பார்கள்: ஏன்? காரணம் சரியாக இல்லாவிட்டால் விடை சரியாக இருந்தும் பாதி மதிப்பெண்தான். ஒரு பக்கம் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. இப்படி நாலு நிறுவனம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம்.

முதல் தடவை போனேன். வாசித்தேன், வரைந்தேன், நேரம் மிச்சம் வைத்து எழுந்து வந்தேன். ரயிலில் வரும்போதே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, பாஸ்தான் என்றேன். சில வாரம் கழித்து முடிவு வந்தது. தோல்வி. கீழே ஒரு வரி: வாடிக்கையாளரின் தேவையைப் புரிந்துகொள்வதில் குறைவு.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முப்பது வருடம் வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டியவளுக்கு அவர்களைப் புரியவில்லையாம்.

என் வீட்டுக்காரர் ஸ்டீபனுக்குத் தக்கலையில் ஹார்டுவேர் கடை. அந்தச் சனிக்கிழமை கடையில் ஆள் இல்லாததால் நான் போய் நின்றேன். ஒருவர் வந்து அரை இஞ்ச் பைப் நாலு கேட்டார். மாடியில் தொட்டி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அப்படியானால் முக்கால் இஞ்ச்தான் நல்லது என்று நான் எடுக்கப் போனேன்.

உள்ளேயிருந்து ஸ்டீபன் சத்தம் வந்தது. "ஏட்டி செல்வி, அவரு கேட்டது அரை இஞ்ச்சுல்லா. நீ என்னத்துக்கு முக்கால எடுக்க?"

"தொட்டி இருக்குன்னாரே, வேகமா வரண்டாமா?"

"அவரு கோழிக்கூட்டுல குடிக்க வெள்ளம் விட வாங்குதாரு. வேகமா வந்தா கோழி ஒழுகிப் போவும்."

பைப் வாங்க வந்தவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முதலிலேயே கோழிக்கூடு என்று சொல்லியிருக்கிறார். நான்தான் காதில் வாங்கவில்லை.

திங்கட்கிழமை ஹேமா மேடத்திடம் இதைச் சொன்னேன். அவர் கட்டன் சாயாவை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "செரி, இன்னைக்கே தொடங்குவோம்" என்றார். மறுநாள் காலை என் மேசையில் ஒரு பக்கக் கடிதம் இருந்தது. அவரே உட்கார்ந்து எழுதியது. மார்த்தாண்டத்திலிருந்து வள்ளியூர்வரை ஏழு துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி எழுதுவதுபோல இருந்தது. ஏழு கடைகளையும் சரக்கு வைக்கும் கிட்டங்கியோடு இணைக்க வேண்டும். பில் போடுகிற இயந்திரம் இணைப்பு இல்லாமலே ஒரு நாள் ஓடும். கணினி பார்க்கத் தெரிந்தவன் ஒரே ஒருவன்தான், அவனும் அடுத்த வருடம் துபாய் போகிறான். அடுத்த வருடம் இன்னும் நாலு கடை திறக்கும் எண்ணம் உண்டு. குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

நான் அரை மணி நேரத்தில் படம் போட்டேன். கிட்டங்கியிலிருந்து ஒவ்வொரு கடைக்கும் இரண்டு வழி. ஒன்று அறுந்தால் மற்றது தானாகப் பிடித்துக்கொள்ளும். அழகான படம், இன்றைக்கும் சொல்வேன்.

ஹேமா மேடம் ஒருபோதும் தப்பு என்று சொல்ல மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். பேனாவின் மூடியை மாட்டிவிட்டு, மூடிய முனையால் படத்தில் ஓர் இடத்தைத் தொடுவார். தொட்டுவிட்டுக் காத்திருப்பார். அன்றும் தொட்டார்.

"கொள்ளாம் அக்கா, நல்ல படம். இந்த ரெண்டாவது வழி கடிதத்துல எந்த வரியில இருக்கு?"

நான் கடிதத்தை எடுத்துத் தேடினேன். இல்லை. "வரி இல்ல மேடம். ஆனா லைன் அறுந்தா என்ன செய்ய?"

"அறுந்தா ஒரு நாள் ஓடும்னு அவரு எழுதியிருக்காரு. அது நாலாவது வரி." பேனா முனை அடுத்த பெட்டிக்கு நகர்ந்தது. "தானா மாறுகதுக்கு இஞ்ச ஒரு ஏற்பாடு வச்சிருக்கிங்க. அத யாரு பாப்பா?"

"அந்தப் பையன்."

"அவன் துபாய் போறான்னு அஞ்சாவது வரி. பின்ன நாலு கடை கூடுமே, அதுக்கு எடம் எங்க?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. கேட்காததை எல்லாம் கொடுத்திருந்தேன், கேட்டதை விட்டிருந்தேன். பக்கத்து மேசையில் இருந்த சுயம்பு எனக்குப் பரிந்துகொண்டு வந்தார்.

"மேடம், ஆடிக் காத்துல தென்னை விழுந்து லைன் போச்சுன்னா? காத்து எந்த வரியில வருதுன்னு சொல்லிட்டா வருது?"

அவர் சொன்னதில் உண்மை இருந்தது, என் தவறு பிறந்த இடமும் அதுதான். எங்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக் காலத்தில் வேலை பார்த்த எவரும் ஒற்றை வழி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள். ஒரு வருடம் ஒரே வாரத்தில் மூன்று இடத்தில் மரம் விழுந்து, நாங்கள் நனைந்துகொண்டே ஒட்டியிருக்கிறோம். அதற்குப் பிறகு யாருக்கு வரைந்தாலும் எங்கள் கை தானாகவே இரண்டு கோடு போடும். வாடிக்கையாளர் கேட்டாரா என்று யோசிப்பதே இல்லை. எங்களுக்குப் பழகிப்போன பயத்தை அவர் தலையில் கட்டிக்கொண்டிருந்தோம். கேட்டால் பொறுப்பு என்போம்.

அன்றிலிருந்து தினமும் ஒரு கடிதம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மீன் ஏற்றுமதிக் கம்பெனி என்று ஹேமா மேடம் எழுதித் தள்ளினார். நான் வரைவதற்கு முன்னால் ஒரு தாளை மூன்றாகப் பிரிப்பேன். முதல் பத்தியில் அவர்கள் கேட்டது. இரண்டாவதில் அவர்கள் மாற்ற முடியாது என்று சொன்னது. மூன்றாவதில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனது. அந்தக் கடைசிப் பத்தியில்தான் துபாய் போகிற பையன்கள் எல்லாம் இருப்பார்கள். இந்தத் தாள் நிரம்பும்வரை பேனாவால் ஒரு கோடுகூட இழுக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் முதல் நாற்பது நிமிடம் இதற்கே போகும். போகட்டும். தேர்வுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த நாற்பது நிமிடத்தைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு இரண்டாவது தடவை போனேன். அதிலும் தோற்றேன்.

இந்த முறை ஏன் தோற்றேன் என்று தேர்வு அறையிலேயே எனக்குத் தெரியும். என்ன கேள்வி வந்தது என்று வெளியே சொல்லக் கூடாது என எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன். முதல் நிறுவனத்துக்கு ஒரு வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த பக்கம் திறந்தால் அந்த நிறுவனத்தின் அதிகாரி எழுதுகிறார்: நாங்கள் வேறொரு வடிவமைப்பை ஏற்றுக்கொண்டுவிட்டோம், இனி அதை வைத்து வேலை செய்யுங்கள். என் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது என் கணக்கில் மட்டமான ஒன்று. நான் போட்டது தப்பு என்பதால் மாற்றினார்களா, அல்லது எல்லோருக்கும் அப்படித்தான் வருமா என்றும் தெரியாது. திரும்பிப் போய்ப் பார்க்கவும் வழி இல்லை.

எனக்குப் பெங்களூர்க் கையெழுத்துக்காரரின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு மணி நேரம் மனதுக்குள் அந்தக் கற்பனை அதிகாரியோடு சண்டை போட்டேன். உன் வடிவமைப்பில் இந்த ஓட்டை இருக்கிறது, அந்த ஓட்டை இருக்கிறது என்று அவனுக்கு நிரூபித்துக்கொண்டிருந்தேன். அடுத்த கேள்விகள் எல்லாம் அந்த வடிவமைப்பை ஓட வைப்பது எப்படி என்பதுதான். நான் அதை ஓட வைக்க விரும்பவே இல்லை.

முடிவு வந்த அன்று ஹேமா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "நானும் அதே எடத்துலதான் அக்கா விழுந்தேன். ரெண்டு தடவயும்" என்றார்.

தலைமை அலுவலகம் கொடுத்த நாளுக்குள் இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். சுயம்பு வீட்டில் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவரிடம் கேட்டால் இல்லை என்றார். ஆனால் பதியில் தன் பணிவிடையை யார் பார்ப்பது என்று தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

ஹேமா மேடம் பயிற்சியை மாற்றினார். காலையில் கடிதம் தருவார். நான் வரைவேன். அதைப் பார்க்காமலே மடித்து டிராயரில் போட்டுவிட்டு, வேறொரு படத்தை என் முன்னால் வைப்பார். "இனி இதுதான். மேல வேலையப் பாருங்க." சில நாள் அது நல்ல படம், சில நாள் வேண்டுமென்றே கோணல் படம். முதல் வாரம் நான் சாப்பாட்டு டப்பாவை ஓங்கி வைத்த சத்தம் மாடிவரை கேட்டது என்று சொல்வார்கள்.

ஒரு நாள் தாங்க முடியாமல் சொன்னேன். "எவனோ போட்ட படத்த நான் என்னத்துக்கு மேடம் நேராக்கணும்?"

ஹேமா மேடம் அடுத்த படத்தை எடுக்கக் குனிந்தார். சுயம்புதான் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"யக்கா, நீங்க வருத்தப்படாதிங்க. உங்க படத்த வச்சிக் குழி தோண்டும்போது எனக்கும் இப்பிடித்தான் இருக்கும்."

"என் படத்துல என்ன?"

"நீங்க நேரா ஒரு கோடு போட்டிருப்பிய. அங்க போய்ப் பாத்தா பாறை கெடக்கும், இல்லன்னா கால்வாய்க்கரை இருக்கும். நான் சுத்திக் கொண்டு போவேன். வேலை நடக்கணும்லா."

"எத்தன படத்துல?"

அவர் சிறிது யோசித்தார். "எல்லாத்துலயும்தான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று மாலை பழைய படங்களையும், வேலை முடிந்தபின் அவர் பென்சிலால் திருத்தி வைத்திருந்த பிரதிகளையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம். என் கோடு ஒரு பக்கம் போகிறது, அவர் பென்சில் கோடு இன்னொரு பக்கம் வளைந்து போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேருகிறது. பெங்களூர்க்காரர் என் பெயரை எடுத்துக்கொண்டார் என்று நான் வெந்துகொண்டிருந்த காலம் முழுக்க, என் படங்களை ஓட வைத்தவர் பக்கத்து மேசையில் இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாளிலிருந்து டப்பாவை மெதுவாக வைத்தேன்.

மூன்றாவது தடவை போகிறவர்களுக்கு, ஏன், முதல் தடவை போகிறவர்களுக்கும்தான், சில சின்ன விஷயங்கள் சொல்ல வேண்டும். ஒரு நாள் முன்னதாகவே ஊர் போய்ச் சேருங்கள். ரயிலில் இறங்கிய கையோடு தேர்வு அறைக்குள் நுழையாதீர்கள். மதிய இடைவேளையில் பிரியாணி சாப்பிடாதீர்கள். நான் இரண்டாவது தடவை சாப்பிட்டேன், மூன்றாவது நிறுவனத்தின் கடிதங்கள் எல்லாம் கண் முன்னால் மிதந்தன. தெரியாத கேள்விக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் தராதீர்கள். விடையைத் தொடுவதற்கு முன்னால் காரணத்தை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். காரணம் வாயில் வரவில்லை என்றால் அந்த விடை உங்கள் பழக்கத்திலிருந்து வருகிறது, கடிதத்திலிருந்து வரவில்லை. தாண்டிய பக்கத்தைத் தாண்டிய பக்கமாகவே விடுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

மூன்றாவது தடவை இட்லியும் மோரும் கொண்டு போனேன். முதல் நிறுவனத்திலேயே என் படத்தைத் தூக்கிப் போட்டார்கள். நான் மனதுக்குள், சரி, பாறை கிடக்கிறது, சுற்றிக் கொண்டு போவோம் என்று சொல்லிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். மூன்றாவது நிறுவனத்தில் கை மறுபடியும் இரண்டாவது வழியைப் போடத் துடித்தது. நிறுத்தினேன். எந்த வரி என்று தேடினேன். முதல் கடிதத்தில் இல்லை, இரண்டாவதில் இல்லை. விட்டுவிடலாம் என்று நினைத்தபோது, ஒரு கடிதத்தின் கடைசியில், எல்லோரும் மரியாதைச் சொல் என்று நினைத்துத் தாண்டிப் போகும் இடத்தில் அது இருந்தது. இந்த முறை இரண்டாவது வழி உண்மையாகவே வேண்டும். நிம்மதியாகப் போட்டேன். ஏன் என்று கேட்டபோது காரணம் கையில் இருந்தது.

முடிவு வந்த நாள் நாங்கள் மூவரும் பழம்பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மின்னஞ்சலைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை, ஹேமா மேடத்தைத் திறக்கச் சொன்னேன். அவர் கையில் எண்ணெயைத் துடைத்துவிட்டு வாசித்தார். வாசித்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோல்விதான் என்று சுயம்பு எழுந்து வெளியே போகப் பார்த்தார். தலையைக் கவிழ்த்தபடியே மேடம், "பாஸ்" என்றார். அழுதுகொண்டிருந்தார். அவர் தோற்ற இரண்டு தடவைக்கும் சேர்த்து அழுதார் என்று நினைக்கிறேன். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன. சபையில் போதகர் அறிவித்தார், தக்கலைக் கடையில் ஸ்டீபன் வந்தவர்களுக்கெல்லாம் சாயா வாங்கிக் கொடுத்தார். ஐம்பத்திரண்டு வயதில், டிப்ளமோவை வைத்துக்கொண்டு, அந்த எட்டு மணி நேரத்தைத் தாண்டியவள் என்று நான் இன்றைக்கும் தலைநிமிர்ந்துதான் சொல்வேன்.

அதன்பிறகு புதிய தளத்தின் படம். மூன்று வாரம் சுயம்பு முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்தேன். முதல் தடவையாகத் தடம் முழுவதையும் என் காலால் பார்த்தேன். ஒவ்வொரு வளைவும் அவர் குறித்தது. நான் பெட்டிகளை வைத்தேன், வழிகளை இணைத்தேன். சமர்ப்பிக்க வேண்டிய கடைசி நாள் காலையில் அச்செடுத்த படம் என் மேசைக்கு வந்தது. வலது பக்கம் அடியில் கட்டம். அதில் என் பெயரும் தேர்வு எண்ணும் அச்சாகி இருந்தன. பேனாவை எடுத்தேன். பன்னிரண்டு வருடம் காத்திருந்த கட்டம்.

அந்தத் தாளில் சுயம்புவின் பெயர் எங்குமே இல்லை.

பேனாவை வைத்துவிட்டுப் பெங்களூருக்குப் போன் செய்தேன். தடம் வரைந்தவர் என்று இன்னொரு கட்டம் வேண்டும், அதில் சுயம்புவின் பெயர் வர வேண்டும் என்றேன். எங்கள் படிவத்தில் அப்படி ஒன்று கிடையாது என்றார்கள். அப்படியானால் கையெழுத்து இல்லை என்றேன். மாலைக்குள் படம் போய்ச் சேராவிட்டால் தளம் கைவிட்டுப் போகும் என்று நினைவூட்டினார்கள். தெரியும் என்றேன்.

சுயம்பு எழுந்து வந்துவிட்டார். "யக்கா, எனக்கு என்னத்துக்கு? நான் சும்மா நடந்துல்லா பாத்தேன். நீங்க போடுங்க, நேரம் போவுது."

ஹேமா மேடம் தன் மேசையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

போனில் மறுபக்கம் கேட்டார்கள். தடம் வரைந்தவருக்கு என்ன தகுதி?

"ஒவ்வொரு கோடும் எந்தப் பாறையைச் சுற்றிப் போகிறது, ஏன் போகிறது என்று அவரிடம் கேளுங்கள், சொல்வார்" என்றேன். "என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது. நான் தேர்வு மட்டும்தான் எழுதினேன்."

மத்தியானம் மூன்று மணிக்குப் புதிய படிவம் வந்தது. அச்செடுத்தோம். சுயம்பு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, தகப்பனார் பெயரையும் சேர்த்து, தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.